இந்தக் கணினியை எப்போதும் அனுமதி

மல்லிகாவின் போன் செத்துப்போகவில்லை. அதுதான் அவளுக்கு விளங்காமல் இருந்தது. பொரித்த அப்பளத்தைக் கையால் அமுக்கியது போலக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. திரை கறுத்துப்போய், விரலை எங்கே வைத்தாலும் அசைவில்லை. ஆனால் கஹவத்தைக்கு வரும் பஸ்ஸில் இரண்டு தடவை மடியில் கிடந்து அதிர்ந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள். யாரென்று பார்க்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து போகத்தான் வழியில்லை.

முந்தின நாள் மத்தியானம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் குனிந்தபோது அது இடுப்பிலிருந்து நழுவித் தராசுக் கல்லின் விளிம்பில் விழுந்தது. விழுந்த சத்தத்தைக் கேட்டு வரிசையில் நின்ற ஜெயம்மா சிரித்தாள். ஜெயம்மாவுக்கு மல்லிகாவின் பக்கத்துக் காம்பரா, அடுத்த வீடு.

"ஊரு உலகத்துல கல்யாணத்துக்குப் போட்டோ புடிப்பாங்க, சாமி ஊர்வலத்துக்குப் புடிப்பாங்க. நீ வெடிப்புக்குப் புடிச்ச. இப்ப போனும் வெடிச்சிருச்சு."

மல்லிகா போனைப் பொறுக்கி எடுத்தாள். அந்தப் போனுக்குள் அறுபத்தொன்பது படங்கள் இருந்தன. தெம்பிலிமலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், ஐந்தாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், முப்பது அடி உயரத்தில் மலையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகிற வெடிப்பின் படங்கள். லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள். நாற்பத்தொரு பேர். மே மாதம் விறகுக்குப் போனபோது அவள் கண்ணில் முதலில் பட்டது இரண்டு விரல் அகலக் கீறல். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேலே ஏறி மூன்று படம் எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. நகருதா, நிக்குதா என்று பார்க்க ஆசை. அவ்வளவுதான் ஆரம்பம்.

பிறகு மனு எழுதி, கடிதம் போய், கடைசியில் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இரத்தினபுரியிலிருந்து மண்சரிவு ஆய்வு அலுவலர் வருவதாகப் பதில் வந்தது. தோட்ட நிர்வாகம் அதற்குள் தன் பங்குக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டது. அது பழைய வெடிப்பு, முந்திய ஒரு மழையில் உண்டானது, இப்போது அசைவில்லை என்று.

தலைவர் சதீஸ், தொழிற்சங்கத்துக்காரர், செவ்வாய்க்கிழமை காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடிந்ததும் மல்லிகாவைத் தனியாக நிறுத்திச் சொன்னார்.

"அவங்க ஒரு தடவதான் வருவாங்க. வெடிப்பு இருக்குன்னு காட்டுறது பத்தாது. அது அவங்களுக்கே தெரியும். நகருதுன்னு காட்டணும். அதுக்கு உங்கிட்ட இருக்கிற படத்த விட்டா வேற ஒண்ணும் இல்ல."

அன்று மத்தியானம்தான் போன் விழுந்தது. இன்று புதன்.

ஹுஸைன் நானாவின் போன் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால், துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருந்தது. முன்னால் கவர், சார்ஜர், காதில் மாட்டுகிற வயர். பின்னால் ஒரு மேசை. அங்கே விளக்கின் கீழ் உட்கார்ந்து வேலை செய்கிறவள் அவருடைய மகள் நுஸ்ஹா. கஹவத்தையைச் சுற்றி ஐந்தாறு தோட்டத்துப் போன்கள் அவள் கையில் ஒரு தடவையாவது பட்டிருக்கும்.

ஹுஸைன் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஸ்க்ரீன் கொழும்பிலேந்து வரணும். சனிக்கிழமை பாப்பம்."

"நாளைக்குப் பத்து மணிக்கு வேணுங்க நானா."

"போன் வேணுமா, உள்ளுக்கு ஈக்கிறது வேணுமா?"

"உள்ள இருக்கிறது."

"அப்ப மகள்ட்ட குடுங்க."

நுஸ்ஹா போனின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னப் பச்சை வட்டத்தைப் பார்த்தாள்.

"இது நம்மட கைபட்ட போன். ஏப்ரல்ல கொண்டாந்தீங்க, இல்லையா அக்கா? விளம்பரமா வந்துக்கிட்டு ஈந்திச்சு. போனும் ஊர்ந்திச்சு."

"ஆமா. புதுவருசத்துக்கு முன்ன."

"அப்ப அதிர்ஷ்டந்தான்."

மேசையின் மூலையில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அதன் விசைகளில் நான்கைந்தின் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. நுஸ்ஹா ஒரு வயரை எடுத்துப் போனில் குத்தி, மறுமுனையைக் கணினியில் குத்தி, திரையில் திறந்த கறுப்புப் பெட்டி ஒன்றில் ஒரு வரி தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கணினித் திரையின் நடுவே நீளமாக ஒரு பெட்டி திறந்தது. அதில் மல்லிகாவின் மகள் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ரிப்பன் குத்திக்கொண்டு நின்றாள். மேலே நேரம் பத்தே கால். எடுக்காத அழைப்பு இரண்டு.

மல்லிகா மேசையில் கிடந்த போனைப் பார்த்தாள். அது கறுப்பாகவே கிடந்தது. திரும்பக் கணினியைப் பார்த்தாள்.

"இது என் போனு."

"உங்கட போன்தான்."

"கண்ணு இங்க போயிருச்சு, மூஞ்சி அங்க தெரியுது."

நுஸ்ஹா சிரித்தாள். "இனி நம்பரக் கேக்கும். திறக்கிற நம்பர் என்ன அக்கா?"

மல்லிகா தயங்கினாள். கடையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் சொல்வதற்கு நாக்கு வரவில்லை. முன்னால் சார்ஜர்களைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்த ஹுஸைன் திரும்பாமலே சொன்னார்.

"சைபர் நூத்தி நாப்பத்தாறு."

நுஸ்ஹா தட்டினாள். போன் திறந்துகொண்டது.

மல்லிகா எழுந்து நின்றுவிட்டாள். "உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

ஹுஸைன் அவள் காலடியில் இருந்த பையைக் காட்டினார். மலைக்குக் கொண்டுபோகும் பை. வேறொருத்தியின் பையோடு மாறாமல் இருக்கச் சிவப்புச் சாயத்தில் அவளுடைய செக்ரோல் நம்பர் எழுதியிருந்தது. தோட்டத்துப் பேரேட்டில் அவள் பெயருக்கு முன்னால் இருக்கிற அதே 146.

"உங்கட தோட்டத்து ஆக்கள் முக்காவாசிப் பேர் இதத்தான் போடுவாங்க. மறக்காத நம்பர்தானே. மூணு இலக்கமா ஈந்தா முன்னுக்கு ஒரு சைபர். நான் கேக்கிறதே இல்ல. பையப் பாப்பேன்."

அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களின் நேரத்தை மிச்சம் பிடிக்கிற வழியாகச் சொன்னார். மல்லிகா பையைத் திருப்பி வைத்தாள். எழுத்து மறுபக்கத்திலும் இருந்தது.

நுஸ்ஹா வெடிப்புப் படங்கள் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் கணினிக்கு இறக்கக் கட்டளை கொடுத்தாள். வரிகள் ஓடின. மல்லிகா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அக்கா."

"தெரை இல்லாம இது எப்பிடி உள்ள போகுது?"

"போன்ல ஒரு பக்கம் ஈக்கிது. மென்பொருள் செய்றவங்க பிழை பாக்கிறதுக்கு வச்சது. சும்மா தேடினா காணாது. போனைப் பத்தின விபரம் ஈக்கிற இடத்துல கடைசி இலக்கத்த ஏழு தரம் தட்டணும். அப்பதான் வெளிய வரும்."

"ஏழா?"

"ஏழு."

"யாரு சொன்னா ஏழுன்னு?"

நுஸ்ஹாவின் கை நின்றது. "அத நான் யோசிச்சதில்லயே. ஏழுதான். அந்தப் பக்கத்துல டிபக்கிங் எண்டு ஒரு சுவிச் ஈக்கிது. அதப் போட்டா வயர் வழியா போனுக்கு என்ன வேலையும் சொல்லலாம். அப்ப வந்த விளம்பரத்தக் கழட்டினதும் அதாலதான்."

"போனு வேகமானதும் அதாலயா?"

"அது வேற. பக்கம் மாறக்குள்ள ஒரு ஆட்டம் காட்டும்தானே. அதப் பாதியாக் குறைச்சேன். வேகமாத் தெரியும்."

"அப்ப வேகமாகல."

"வேகமாத் தெரிஞ்சிச்சு."

"ஹ்ம்," என்றாள் மல்லிகா. "அப்ப வயரு வச்சிருக்கிற எல்லாரும் இப்பிடி உள்ள போகலாமா?"

"இல்ல. புதுக் கம்பியூட்டர் ஒண்டக் கண்டா போன் கேக்கும். அனுமதிக்கவா எண்டு. கீழ ஒரு சின்னப் பெட்டி ஈக்கிது. 'இந்தக் கணினியை எப்போதும் அனுமதி'. அதுல சரி போட்டா அதுக்குப் பிறகு கேக்காது. இந்தக் கம்பியூட்டர்ட சாவி உங்கட போனுக்குத் தெரியும். அதுதான் இன்டைக்குக் கேக்காம விட்டிச்சு. புதுப் போனெல்லாம் ஏழு நாள் காணாட்டி மறந்துரும். உங்கடது பழசு. மறக்காது."

"நான் சரி போடலியே."

"நான் போட்டேன்."

வரிகள் ஓடி முடிந்தன. அறுபத்தொன்பது கோப்புகள் என்று கீழே வந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"எல்லாத்துக்கும் போடுவீங்களா?"

"மென்பொருள் வேலைக்கு வாற எல்லாத்துக்கும். திரும்ப வந்தா லேசு. வேல முடிஞ்சா சுவிச்ச அணைக்கணும். அணைக்கிறதில்ல." நுஸ்ஹா குரலை இறக்கவில்லை, உயர்த்தவும் இல்லை. "அணைச்சிருந்தா இன்டைக்கு உங்கட படம் ஒண்டும் எடுக்க ஏலாது அக்கா."

மல்லிகா அதை மனதுக்குள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இந்தப் பெண் செய்யாமல் விட்ட ஒரு வேலையால்தான் நாற்பத்தொரு பேருக்கான படம் கிடைத்திருக்கிறது. அதே காரணத்தால்தான் ஏப்ரலிலிருந்து தன் போன் இந்த மேசைக்குத் திறந்து கிடந்திருக்கிறது. ஒன்றுக்காக மற்றதைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

"படத்தக் காட்டு தங்கச்சி."

நுஸ்ஹா கோப்புறையைத் திறந்தாள். வெடிப்பு, வெடிப்பு, வெடிப்பு. மல்லிகா ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். பிறகு அவள் விரல் ஓர் ஓரத்தில் நின்றது. அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இலக்கம் அவளுக்குத் தப்பாது.

"எல்லாத்துலயும் இன்னைக்குத் திகதி போட்டிருக்கே."

"ஓ. இறக்கின நாளப் போட்டுரும். இருங்க." நுஸ்ஹா அதே கட்டளையில் இன்னொரு எழுத்தைச் சேர்த்து மறுபடி இறக்கினாள். இந்த முறை மே பதினொன்று, மே பதினெட்டு என்று சரியாக வரிசை வந்தது.

மல்லிகா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு எழுத்து போட்டா இன்னைக்கு. ஒரு எழுத்து போட்டா மே மாசம்."

"ஓம்."

"நீ நெனைச்சா போன வருசம்னு போடலாமா?"

"போடலாம்."

"எடுக்கிற மாதிரி, இல்லாத படத்த போனுக்குள்ள வைக்கலாமா?"

நுஸ்ஹா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கடைக்கு வருகிறவர்கள் எவ்வளவு நேரமாகும் என்று கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. "வைக்கலாம். மெசேஜ் வாசிக்கலாம், அனுப்பலாம். கம்பியூட்டரும் நம்பரும் ஈந்தா உங்கட விரல் செய்றதெல்லாம் செய்யலாம்." அவள் சுட்டியை நகர்த்தியபோது மல்லிகாவின் தம்பி அனுப்பிய செய்தி ஒன்று பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது.

"அத மூடு."

நுஸ்ஹா உடனே மூடினாள்.

அப்போதுதான் ஹுஸைன் முன்பக்கத்திலிருந்து சொன்னார். "அந்த லெப்டொப்ல வேறென்னவும் போடாத மகள். வெள்ளிக்கிழமை பெல்மதுளைக்கு ஏத்தணும். வித்தாச்சே."

மல்லிகா திரும்பினாள். "இதயா விக்கிறீங்க?"

"பழசுதானே. புதுசு வந்திட்டுது."

"சாவியோடயா?"

"என்ன சாவி?"

நுஸ்ஹா சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு தகப்பனிடம் சொன்னாள். "இதுக்குள்ள ஈக்கிற சாவிதான் வாப்பா. நான் சரி போட்ட போனுக்கெல்லாம் இதத் தெரியும். முன்னூறு வரும். கூடவும் ஈக்கலாம். நான் அந்தச் சாவியப் புதுசுக்கு மாத்திட்டு இதுல அப்படியே விட்டுக் குடுக்கத்தான் நெனச்சேன்."

"வாங்குறவர் நல்ல மனுசன்."

"அவரு யாருக்கு விப்பாருன்னு அவருக்கே தெரியாதுங்க நானா," என்றாள் மல்லிகா. "எங்க நம்பரு பையிலயே எழுதியிருக்கு."

ஹுஸைன் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அழிச்சா ஒவ்வொரு போனும் திரும்பக் கேக்குமே. எங்களுக்கு வேல கூடுமே."

"கேக்கட்டும் வாப்பா," என்றாள் நுஸ்ஹா. "கேக்கத்தானே அத வச்சிருக்கு."

மல்லிகா தன் போனின் சுவிட்சை அங்கேயே அணைக்கச் சொன்னாள். நுஸ்ஹா கணினியில் தெரிந்த போனின் முகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, சுவிட்சின் மேல் சுட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். இதை அணைத்தால் இந்த வழி அடைபடும், புதுத் திரை வரும்வரை யாராலும் போனுக்குள் போக முடியாது, இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். மல்லிகா படங்களை ஒரு தடவை எண்ணினாள். மகளின் படங்களையும் இறக்கச் சொன்னாள். பிறகு சரி என்றாள். சுட்டி அழுந்தியது. கணினியிலிருந்த நீளப் பெட்டி மறைந்தது. அந்த இடத்தில் வெறும் நீல நிறம்.

படங்கள் எல்லாம் ஒரு பென்டிரைவில் ஏறின. அவற்றில் ஒன்பதை நுஸ்ஹா தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். எந்த ஒன்பது என்று மல்லிகாதான் தேர்ந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தாள்கள் மடியில் இருந்தன. மல்லிகாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. படம் கிடைத்துவிட்டது. ஆனால் படத்தின் திகதி ஓர் எழுத்தில் மாறுவதை அவளே கண்ணால் பார்த்தாகிவிட்டது. அவளுக்குத் தெரிந்தது நாளை வருகிற மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தால் என்ன கேட்பார்? பஸ் வளைவுகளில் ஏற ஏற அவள் அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே போனாள். திகதியை மாற்றலாம். படத்தையே கொண்டுவந்து வைக்கலாம். எதை மாற்ற முடியாது?

லயத்துக்கு வந்ததும் நேராகக் கொல்லைப்புறம் போனாள். அவள் தேடிய கம்பு துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. அவள் புருசன் நல்லையா அதில் ஈரச் சாரத்தைக் காயப் போட்டிருந்தார்.

"இத ஏன் எடுத்தீங்க?"

"சும்மாதானே சாஞ்சு கெடந்துச்சு. மட்டக்கம்புதானே."

அது மட்டக்கம்புதான். கொழுந்து எடுக்கும்போது செடியின் தலைமட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குறுக்கே போடுகிற நேரான நீளக் கம்பு. எடுக்கிற ஒவ்வொருத்தியிடமும் ஒன்று இருக்கும். மல்லிகா தன் பழைய கம்பை வெடிப்புக்கென்று ஒதுக்கியிருந்தாள். வெடிப்பின் கீழ்க்கரையில் வெட்டிய சவுக்கு மரத்தின் வேர் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கம்பின் அடியை அந்த வேரில் முட்டக் கொடுத்துக் குறுக்கே படுக்க வைத்தால், மேல்கரை கம்பில் ஓர் இடத்தில் வரும். கரை விலகியிருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த இடத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவாள். பிறகு படம். இருபத்து மூன்று ஞாயிறுகளில் ஒன்பது வெட்டு.

அவள் சாரத்தை எடுத்து நல்லையாவின் தோளில் போட்டாள். கம்பை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை தூறலாக இருந்தது. அலுவலர் பத்தே காலுக்கு வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். முழங்கால் வரை சேறு அப்பிய காலணி. ஏற்கெனவே இன்னொரு மலைக்குப் போய்விட்டு வருகிறவர் போல. தோட்டத்தின் சார்பில் துணை மேலாளரான சின்னதொரை குடையோடு வந்தார். சதீஸும் லயத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேரும் பின்னால் ஏறினார்கள். பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது. அதில் மல்லிகாவுக்குத் தடை இல்லை.

அலுவலர் வெடிப்பின் நீளத்தை அளந்தார். ஆழத்துக்கு ஒரு கோலை விட்டுப் பார்த்தார். சின்னதொரை, அது பழையது என்று மூன்று தடவை சொன்னார். உள்ளே இலையும் மண்ணும் நிறைந்திருப்பதைக் காட்டினார். மல்லிகா தாள்களைக் கொடுத்தாள். அலுவலர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போன் எங்கே?"

"உடைஞ்சிருச்சு மாத்தயா. கடையில கம்பியூட்டர் வழியா எடுத்தோம்."

சின்னதொரை சிரித்தார். "கடையில் எடுத்த படம். கடையில் வேண்டிய திகதியும் போட்டுத் தருவார்கள்."

அலுவலர் சிரிக்கவில்லை. "திகதியை மாற்றலாம்தான்," என்றார். மறுக்கிற குரலில் இல்லை, இருப்பதைச் சொல்கிற குரலில்.

சதீஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மல்லிகா தலையாட்டினாள்.

"மாத்தலாம் மாத்தயா. எப்பிடி மாத்துறதுன்னு நேத்துப் பக்கத்துல இருந்து பார்த்தேன். ஒரு எழுத்துதான். அதனாலதான் இதையும் கொண்டாந்தேன்."

அவள் கம்பைக் கொடுத்தாள். அலுவலர் அதைத் திருப்பி வெட்டுகளைத் தடவினார்.

"கம்பில் ஒரே நாளில் ஒன்பது வெட்டும் போடலாம்," என்றார் சின்னதொரை.

"போடலாங்க தொரை. ஆனா படத்துல கம்பு இருக்கு. மொதப் படத்துல ஒரு வெட்டு. மூணாவதுல மூணு. கடைசில ஒம்பது. படத்த மட்டும் நம்ப வேணாம், கம்ப மட்டும் நம்ப வேணாம். ரெண்டையும் வச்சுப் பாருங்க. அந்தக் கொய்யாக் கன்னையும் பாருங்க."

வெடிப்பின் ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் கொய்யாக் கன்று ஒன்று நின்றது. முதல் தாளில் அதே இடத்தில், அதே வேருக்குப் பக்கத்தில், இரண்டு இலை மட்டும் தரையை ஒட்டி இருந்தது. நான்காவது தாளில் விரல் உயரம். அலுவலர் தாளைக் கன்றுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த தாளையும் பிடித்தார். சின்னதொரை குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

"இப்போது வைத்துக் காட்டுங்கள்," என்றார் அலுவலர்.

மல்லிகா முழங்காலிட்டாள். கம்பின் அடியை வேரில் முட்டக் கொடுத்துக் குறுக்கே படுக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை போட்ட ஒன்பதாவது வெட்டு மேல்கரையில் உட்கார வேண்டும். அது உட்காரவில்லை. வெட்டு காற்றில் நின்றது. வெட்டுக்கும் கரைக்கும் நடுவில் இடைவெளி. வேர் நழுவியிருக்குமோ என்று அவள் கையால் அமுக்கிப் பார்த்தாள். வேர் உறுதியாக இருந்தது. கம்பை எடுத்து மறுபடி வைத்தாள். அதே இடைவெளி. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

"கடைசி வெட்டு எப்போது?"

"ஞாயித்துக்கெழம."

"நாலு நாள்," என்றார் அலுவலர்.

அவர் பின்னால் ஓர் அடி வைத்தார். பிறகு எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னார். ஓடாமல், ஆனால் உடனே. சின்னதொரையிடம் அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அறிக்கை, பரிந்துரை எல்லாம் பிறகு. இன்று பகலுக்குள் இந்த லயம் காலியாக வேண்டும். மழை நின்று, தான் எழுத்தில் தரும்வரை யாரும் திரும்பக் கூடாது. சின்னதொரை இந்த முறை பழையது என்று சொல்லவில்லை. டிராக்டரை எங்கே நிறுத்தலாம் என்று கேட்டார்.

பின்னேரம் நான்கு மணிக்கு ஐந்தாம் நம்பர் லயத்தார் எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வாங்குகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்திருந்தார்கள். கோழிக்கூடு ஒன்று கரும்பலகைக்குக் கீழே இருந்தது. கம்பை மல்லிகா பாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அலுவலர் அதைக் கேட்டிருந்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தருவதாக அவள் சொன்னாள். நாளை வருவதாகச் சொல்லிப் போனார்.

அந்த மண்டபத்தில் இரண்டே இரண்டு மின்செருகித் துளைகள். ஒன்றில் குழந்தைப் பாலுக்குக் கேத்தல். மற்றதில் பள்ளிக்கூடத்துக் கணினி. சொந்தக்காரர்களுக்குச் செய்தி சொல்லிச் சொல்லி எல்லோருடைய போனும் இறங்கிப்போயிருந்தது. கணினியின் பக்கத்தில் நான்கு துளை இருப்பதைக் கண்டுபிடித்து, வயரைக் குத்தினால் சார்ஜ் ஏறும் என்று யாரோ சொன்னார்கள். நான்கு போன்கள் வரிசையாகத் தொங்கின.

"அடியே மல்லிகா, இங்க வா," என்றாள் ஜெயம்மா. "என் போனு என்னமோ கேக்குது. சார்ஜ் ஏத்தவான்னு கேக்குது போல. கீழ ஒரு பெட்டி. சரின்னு போட்டுறவா? மத்தவங்க போனு ஒண்ணும் கேக்கல."

மல்லிகா கூட்டத்தைத் தாண்டிப் போய்ப் போனின் பின்பக்கத்தைத் திருப்பினாள். பச்சை வட்டம் இருந்தது.

"போடாத. வேணாம்னு சொல்லு."

"வேணாம்னா சார்ஜ் ஏறாதே."

"ஏறும். அது சார்ஜுக்குக் கேக்கல."

ஜெயம்மா சந்தேகத்தோடு வேண்டாம் என்பதைத் தொட்டாள். பெட்டி மறைந்தது. மேலே மின்கலத்தின் படம் நிறைந்துகொண்டிருந்தது. ஜெயம்மா அதையும் மல்லிகாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப எதுக்குத்தான் கேட்டுச்சு?"

மல்லிகா வாங்கில் உட்கார்ந்து சொன்னாள். ஏழு தடவை தட்டுவதை, சுவிட்சை, ஹுஸைன் நானா பையைப் பார்த்து நம்பர் சொன்னதை. சொல்லச் சொல்ல இன்னும் நான்கைந்து பேர் கிட்டே வந்தார்கள். ஜெயம்மாவின் பை வாசலில் இருந்தது. அதில் சிவப்பில் 152. அங்கிருந்தே எல்லோருக்கும் தெரிந்தது. ஒருத்தி அதைப் பார்த்தாள், பிறகு இன்னொருத்தி பார்த்தாள். நல்லையாவும் பார்த்துவிட்டுத் தன் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"சுவிச்ச எங்க அணைக்கிறது, காட்டு," என்றாள் ஜெயம்மா.

மல்லிகா காட்டினாள். அணைந்தது.

"நம்பரயும் மாத்தணும்ல?"

"மாத்து."

ஜெயம்மா போனை மார்போடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். செக்ரோல் நம்பரைத் தவிர அவளுக்கென்று வேறு நம்பர் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. பிறகு முகம் தெளிந்தது.

"சரி, கண்டுபுடிச்சிட்டேன். கேளு, எட்டு..."

"எங்கிட்ட சொல்லாத," என்றாள் மல்லிகா.